சேலைக்கு அடியில் குதிரைகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். சொந்த ஊர் எழுமலைக்குப் பக்கம். மதுரையில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தேன். எனக்குப் பெரும்பாலும் மதிய டூட்டிதான் விழும். காலையில் சின்னம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை செய்துவிட்டால் அப்புறம் பொழுது நகராது. என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா ஒருநாள், "வாடி, காலைக்காட்சி இங்கிலீஷ் படம் பாத்துட்டு அப்படியே டூட்டிக்குப் போயிருவோம்" என்று கூப்பிட்டார். போஸ்டரில் ஓர் ஆணும் பெண்ணும் நெருங்கி நின்றார்கள். காதல் படம் என்று நம்பித்தான் இருவரும் போனோம்.

விளக்கு அணைந்ததும் குதிரைகள் வந்தன. "ஐயே, கௌபாய் படமாடி!" என்று அக்கா நெற்றியில் தட்டிக்கொண்டார். இடைவேளை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் புதுமண்டபம் போயி ரவிக்கைத் துணி வாங்கிட்டு வாரேன், நீ இருந்தா இரு" என்று எழுந்து போய்விட்டார். நான் இருந்தேன். பெண்கள் பக்கத்தில் என்னைத் தவிர யாருமில்லை.

ஏன் இருந்தேன் என்றால், திரையில் தெரிந்தது எங்கள் ஊர். மேற்கே சுவர் மாதிரி மலை, கீழே முள்ளும் கள்ளியும் காய்ந்த புல்லும், தூரத்தில் ஒரு புள்ளியாகப் புழுதி. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஓர் ஆள் வருவதற்கு அம்புட்டு நேரம் ஆனது. முதலில் நாய் குரைத்தது. அப்புறம் ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தாள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். யாராவது வருகிறார்கள் என்றால் முதலில் புழுதிதான் தெரியும். வருகிறவர் யார் வீட்டுக்கு என்று தெரிவதற்குள் உலை வைத்துவிடலாம். அந்தப் படத்து ஆம்பளைகளும் என் அப்பாவைப் போலவே பேசினார்கள். அப்பா ஒரு நாளைக்குப் பேசுகிற சொற்களில் பாதி மாட்டிடம் பேசுவது.

படம் முடிந்து வெளியே வந்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அந்தக் காலத்தில் காலைக்காட்சி இங்கிலீஷ் படம் என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான். அடுத்த வாரம் வரப்போகும் படத்தின் போஸ்டரில் ஒரு பெண் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆண்கள் சிலர் முகத்தைத் துண்டால் மறைத்தபடி வேகமாக நடந்தார்கள். அவர்களுக்கு நடுவே நான் கைப்பையும் சாப்பாட்டு டப்பாவுமாக வந்துகொண்டிருந்தேன். எதிரே உரக்கடைப் பையோடு எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்தார்.

"என்னத்தா, இங்க?"

"தண்ணி குடிக்க வந்தேண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். போஸ்டரைப் பார்த்தார். "சரித்தா" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். எனக்குப் பதிலாக அவர் வெட்கப்பட்டுக்கொண்டு போனார். அதைப் பார்த்த நிமிடத்தில் அந்த வெட்கம் என் மேல் ஏறி உட்கார்ந்தது. பிறகு பல வருஷம் அது இறங்கவில்லை.

ஆனாலும் போவதை நிறுத்த முடியவில்லை.

பெரிய நட்சத்திரங்கள் நடித்த கௌபாய் படங்களுக்குக் கூட்டம் வரும், விசில் வரும். அதற்கெல்லாம் ஒரு பெண் தனியாகப் போய் உட்கார முடியாது. அதனால் யாரும் சீந்தாத படங்களுக்கு மட்டும் போனேன். பேர் தெரியாதவர்கள் நடித்தது, கறுப்பு வெள்ளையில் எடுத்தது, ஊர் ஊராக ஓடித் தேய்ந்து கடைசியாக மதுரைக்கு வந்து மூணு நாள் ஓடிவிட்டு எங்கேயோ போய்விடுவது, இப்படிப்பட்டவை. திரையில் எப்போதும் மழை பெய்வதுபோல் கோடு விழும். சிலதில் நடுவில் ஒரு ரீலே இருக்காது. இடைவேளைக்கு முன் உயிரோடு இருந்தவன் இடைவேளைக்குப் பின் கல்லறையில் இருப்பான். காலி தியேட்டருக்காகத்தான் அந்தப் படங்களைத் தேடிப் போனேன். போகப்போக அவைதான் பிடித்தன. பெரிய படத்தில் கதாநாயகன் சாகமாட்டான் என்று முதலிலேயே தெரிந்துவிடும். இந்தச் சின்னப் படங்களில் யார் பிழைப்பார்கள் என்று சொல்லவே முடியாது. செலவு செய்ய வழியில்லாதவர்கள் எடுத்தவை என்பதால் ஒரே தெருவைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். ஒரு படத்தில் பாங்க்காக இருந்த கட்டடம் இன்னொரு படத்தில் சவப்பெட்டி செய்கிற கடையாக இருக்கும். வாசல் படிக்கட்டில் உடைந்த பலகையை வைத்து நான் கண்டுபிடித்துவிடுவேன். கண்டுபிடித்துச் சிரித்துக்கொள்வேன். சொல்வதற்கு ஆளில்லை.

இந்தப் படங்களின் போட்டோக்களைச் சேர்க்க ஆரம்பித்தது ஒரு பழைய பேப்பர் கடையில். மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். படம் ஓடி முடிந்ததும் தியேட்டர் கண்ணாடிப் பெட்டியில் குத்தியிருந்த ஸ்டில் போட்டோக்கள் எடைக்குப் போய் அவர் கடைக்கு வந்துசேரும். சின்னம்மா வீட்டுப் பழைய பேப்பரைப் போடப் போனவள், மூட்டைக்கு மேலே ஒரு குதிரை முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன்.

"என்ன தங்கச்சி, வேணுமா?"

"எனக்கு இல்ல பாய். என் தம்பி சேக்குறான்."

எனக்குத் தம்பி கிடையாது. நான் ஒரே பிள்ளை. வாயில் வந்துவிட்டது. அதற்கப்புறம் பாய் என் தம்பிக்காக ஒதுக்கி வைக்க ஆரம்பித்தார். "தம்பி இதைப் பாத்தா சந்தோசப்படும்", "போன தடவ குடுத்தது தம்பிக்குப் புடிச்சிச்சா?", "பரீட்சை எல்லாம் நல்லா எழுதுதா?" நான் தம்பியைப் பாஸாக்கினேன். பாலிடெக்னிக்கில் சேர்த்தேன். ஒருமுறை காய்ச்சல்கூட வரவழைத்தேன்; பாய் ஓதி ஊதிய தண்ணீரை ஒரு பாட்டிலில் கொடுத்தனுப்பினார். அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது எனக்கு அழுகை வந்தது. கொட்ட மனசு வரவில்லை. நானே குடித்தேன்.

டிரங்குப் பெட்டியில் மேலே சேலைகள், நடுவில் ஒரு காக்கித்தாள், அதற்கு அடியில் குதிரைகள். சின்னம்மா வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தரையில் பரப்பிவைத்துப் பார்ப்பேன். வேலியில் சாய்ந்து நிற்கும் ஒருவன், தகரத் தட்டில் மொச்சை தின்கிற கிழவன், மழையில் நனையும் வண்டி. பின்னால் படத்தின் பெயரை எழுதிவைத்ததுகூட இல்லை. என் கையெழுத்து அதில் இருக்கவேண்டாம் என்று நினைத்தேன்.

எனக்கு வரன் அமைய நாளானது. வேலைக்குப் போகிற பெண், வயதும் கொஞ்சம் கூடிவிட்டது. கடைசியில் திருமங்கலத்தில் யூனியன் ஆபீஸில் கிளார்க்காக இருந்த ஒருவருக்குப் பேசி முடித்தார்கள். கல்யாணத்துக்கு முந்தி பாய் கடைக்குப் போய், இனி வரமுடியாது என்று சொன்னேன். "நீங்க போனா என்ன, தம்பியை வரச் சொல்லுங்க தங்கச்சி" என்றவர், உள்ளே போய்ச் சுருட்டிய ஒரு பெரிய போஸ்டரைக் கொண்டுவந்து கையில் வைத்தார். "அக்கா போயிட்டா தம்பிக்கு ஒரு மாதிரி இருக்கும்ல. இதைக் குடுங்க." நான் வாங்கிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பெட்டி என்னோடு திருமங்கலம் வந்தது. அங்கிருந்து தினமும் மதுரைக்கு பஸ்ஸில் போய்வந்தேன். வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், ஒரு நாத்தனார், நாங்கள் இருவர். மாமனார் இல்லை. அத்தை கணவர் போனபின் நிலத்தைத் தானே பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தவர். குரலை உயர்த்தமாட்டார். அவர் பேசாமல் இருப்பதுதான் பயமாக இருக்கும்.

கல்யாணமான வருஷம் பரவையில் ஒரு காதுகுத்து. போவதற்கு வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். நாத்தனார், கட்டிக்கொள்ள ஒரு நல்ல சேலை வேண்டும் என்று கேட்டாள். "பெட்டியில மேல இருக்கு, எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். மேலே இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை போல. குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தபோது கூடத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சீர்வரிசைத் தட்டை நடுவில் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நடுவில் என் போட்டோக்கள் கிடந்தன.

ஒவ்வொன்றாகக் கை மாறிக்கொண்டிருந்தன. தொப்பிக்காரன் ஒருவனை ஒரு பெரியம்மா தலைகீழாகப் பிடித்திருந்தார். என் கணவரின் தாய்மாமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு படத்தை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாராயக்கடை மேஜை மேல் பெண்கள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற படம். அது ஒன்றுதான் அந்த மாதிரி. அது போய் அவர் கையில் கிடைத்திருக்கிறது.

"ஏத்தா," என்றார் அத்தை மெதுவாக, "யாரு இவனுங்க?"

தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. 'தம்பி' என்று சொல்ல நாக்கு எழும்பியது. இங்கே எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தம்பி இல்லையென்று. ஒரு கல்யாணமான பெண்ணின் பெட்டியில், சேலைக்கு அடியில், காக்கித்தாள் போட்டு மறைத்து இத்தனை ஆம்பளைகள். அவர்கள் பார்வையில் அது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அப்போது மாடிப்படியில் வேட்டியை மடித்துக் கட்டியபடி என் கணவர் இறங்கி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதை ஏம்மா எடுத்தீக? என்னோடது அது."

"உன்னோடதா?"

"ஆமா. சின்ன வயசுல இருந்து சேத்தது. பத்திரமா வைக்கச் சொல்லி அதுக்கிட்ட நான்தான் குடுத்தேன்."

மாமா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன் மாப்ள, உனக்கு இந்தப் பைத்தியமெல்லாம் உண்டா? சொல்லவே இல்லியே."

"இதைப் போயி என்னத்த மாமா சொல்றது."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பில் விஷயம் அடங்கிப்போனது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. படங்களை அடுக்கிக் காக்கித்தாளில் சுற்றி அவரே பெட்டிக்குள் வைத்தார். அந்த ஆட்டக்காரிகளின் படம் மட்டும் திரும்பி வரவே இல்லை. அதை மாமா எங்கே வைத்திருந்தார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

காதுகுத்து முடிந்து திரும்பி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் பின்தங்கி நடந்து வரும்போது என் கணவர் கேட்டார்: "அவங்கல்லாம் உனக்கு என்ன வேணும்?"

யாரோ சொந்தக்காரர்களைக் கேட்பதுபோலக் கேட்டார். நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். காலைக்காட்சி, பாய் கடை, பிறக்காத தம்பி எல்லாம். வீடு வந்ததும், "படந்தானே" என்றார். அவ்வளவுதான்.

ஒருமுறை என்னோடு ஒரு படத்துக்கு வந்தார். அவருக்கு அது ஒட்டவில்லை. "இம்புட்டுத் தூரம் வெயில்ல ஓட்டிட்டு வந்து, கட்டிப்போட்டுட்டு இவன் பாட்டுக்கு உள்ள குடிக்கப் போறானே. குதிரைக்கு யாரு தண்ணி காட்டுறது?" என்று படம் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் வரவில்லை. என்னைப் போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆனால் மாமா சும்மா இருப்பாரா? காதுகுத்து வீட்டிலேயே சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாளில் என் கணவருக்குக் கௌபாய் என்று பெயர் விழுந்துவிட்டது. ஓட்டை சைக்கிளில் போகிறவரைப் பார்த்து டீக்கடையில், "என்னண்ணே கௌபாய், குதிரையை எங்க கட்டிருக்கீக?" என்பார்கள். யூனியன் ஆபீஸில் மேஜையில் யாரோ பொம்மைத் துப்பாக்கியை வைத்திருந்தார்களாம். அவர் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சோறு இறங்காது. என் பெயராக வந்திருக்கவேண்டியது. ஒரு பெண் மேல் அது விழுந்திருந்தால் கேலியோடு நின்றிருக்காது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அதனால்தான் அவர் சுமந்தார், அதனால்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளில் வீடியோ டெக் வந்தது. என் கணவரின் கூட்டாளி ஒருவர் திருமங்கலத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, சின்ன வயதிலிருந்தே சிநேகம். அவருடைய அண்ணன் வளைகுடாவிலிருந்து வந்தபோது கலர் டிவியும் டெக்கும் கொண்டுவந்தார். கூட்டாளி வீடு தேடி வந்தார். "மாப்ள, உனக்குன்னே அண்ணன் அங்க டிவியில ஓடுனதைப் பிடிச்சுக் கொண்டாந்திருக்கு. கௌபாய் படம்! ஞாயித்துக்கிழமை மதியம் தொழுகை முடிஞ்சதும் போடுறோம். அம்மா, தங்கச்சி எல்லாரையும் கூட்டிட்டு வா."

என் கணவர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது வந்தது வெட்கம் இல்லை, ஆசை. கல்யாணத்துக்குப் பிறகு வேலை, குழந்தை, பஸ் என்று படம் பார்ப்பதே அற்றுப்போயிருந்தது.

ஜன்னலில் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். ஆண்கள் முன்னால் பாயில். பெண்கள் பின்னால், உள்கட்டு வாசலையொட்டி. தெருவே வந்திருந்தது. டிவிக்குப் பக்கத்தில் என் கணவருக்கு மட்டும் ஒரு நாற்காலி. "கௌபாய்க்கு மரியாதை!" என்று யாரோ கத்த, கைதட்டினார்கள். அவர் கூச்சத்தோடு உட்கார்ந்தார்.

கறுப்பு வெள்ளைப் படம் என்று தெரிந்ததுமே பிள்ளைகள் 'ஊ' என்றார்கள். கலர் டிவியில் கலர் இல்லை. நான் கேள்விப்படாத படம். பெயர் போட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தச் சின்னப் படங்களில் ஒன்று. ஓர் ஒற்றை வீடு, ஒரு கிணறு. கறுப்புத் துணி உடுத்திய ஒரு பெண் வாளியை இழுத்துக்கொண்டிருந்தாள். கப்பி கிரீச்சிடுகிற சத்தம் தவிர வேறொன்றுமில்லை. வாளி மேலே வந்து, அவள் அதைத் தொட்டியில் ஊற்றி, மறுபடி கிணற்றில் விடுகிற வரை காமிரா அசையாமல் நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"இதென்னப்பா, தண்ணி எடுக்குறதையா காட்டுறான்?" என்றார் ஒருவர்.

"நம்ம வீட்ல தெனம் பாக்குறதுதானே," என்றார் இன்னொருவர். சிரிப்பு.

அப்போது எனக்கு நேர்ந்ததை எப்படிச் சொல்வது? அத்தனை பேர் கண்ணோடு சேர்ந்து நானும் பார்த்தேன். படம் சின்னதாகிவிட்டது. மெதுவாக, சப்பென்று, ஒன்றுமே இல்லாததாகத் தெரிந்தது. இதற்காகவா நான் ஒளிந்து ஒளிந்து போனேன், பொய் சொன்னேன், இந்த மனுஷனைக் கேலிப்பொருளாக்கினேன் என்று அவமானமாக இருந்தது. அடுத்த நிமிடமே, அந்தக் கறுப்புத்துணிப் பெண்ணைப் பார்த்து, அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டதுபோல அதைவிடப் பெரிய வெட்கம் வந்தது.

திரையில் அவளும் ஓர் ஆளும் கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். கூட்டாளி ரிமோட்டை எடுத்தார். "பேச்சே சாஸ்தியா இருக்கு. சண்டை வர்ற எடத்துக்கு ஓட்டிருவோமா?" அமுக்கினார். குதிரைகள் குடுகுடுவென ஓடின, ஆட்கள் பொம்மைகள்போல் கையை ஆட்டினார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சண்டை வரவில்லை. ஓட்டி ஓட்டிப் பார்த்தும் வரவில்லை. கடைசியில் நிறுத்திவிட்டு, "மாப்ள, என்னதான் கதை? நீயே சொல்லு. உனக்குத் தெரியாததா?" என்றார்.

என் கணவர் டிவியைப் பார்த்தார். வேர்த்துக்கொட்டியது. "அதாவது... இவரு இந்த ஊர்ப் பண்ணையாரு. அந்தப் பொம்பளை அவரு வீட்டு வேலைக்காரி. குதிரை ஒண்ணு காணாமப் போயிருச்சு..."

முன்வரிசையில் ஒரு காலேஜ் மாணவன். "இல்லண்ணே, அப்படிச் சொல்லலையே. அவங்க கிணத்தைப் பத்தில்ல பேசுறாங்க?"

"கௌபாய்க்கு இங்கிலீஷ் தெரியாது டோய்!"

அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. என் கணவர் சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். கூட்டத்தில் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் நான் மாட்டிக்கொள்வேன் என்று திரும்பவில்லை.

"அவரு பண்ணையாரு இல்ல."

என் குரல்தான். டெலிபோனில் இரைச்சலுக்கு நடுவே திண்டுக்கல்லைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய குரல். மெதுவாகப் பேசவே வராது. வீடு முழுக்கக் கேட்டது. எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது.

"அந்தப் பொம்பளையோட புருசனை மாடு திருடுனான்னு சொல்லி இந்த ஊர்க்காரங்க தூக்குல போட்டுட்டாங்க. அவன் திருடல. இப்ப மழை இல்ல. ஊருக்கெல்லாம் கிணறு வத்திப்போச்சு. இவ கிணத்துல மட்டும் தண்ணி இருக்கு. தூக்குல போட்ட ஆளுங்களே தண்ணி கேட்டு மாட்டை ஓட்டிட்டு வந்து நிக்கிறாங்க. இவரு அவளுக்குக் கொழுந்தன். குடுக்கக்கூடாதுங்கிறாரு."

யாரும் சிரிக்கவில்லை. என் காது பற்றி எரிந்தது. கூட்டாளியின் தாயார் என் கையைப் பிடித்து, "நீ சொல்லும்மா. டேய், முதல்லருந்து போடு" என்றார். கேசட் பின்னால் ஓடி மறுபடி தொடங்கியது. அவர்கள் பேசப் பேச நான் சொல்லிக்கொண்டே போனேன். அந்த ஊர்ப் பேச்சு, பாதியை மென்று விழுங்குகிற பேச்சு, எனக்குப் புரிந்தது. கரகரப்புக்குள் சொல்லைப் பிடிக்கிற வேலைதானே தினமும் பார்க்கிறேன். கண்ணைத் திரையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் முகங்களைப் பார்க்க நேரும். ஆனாலும் ஓரக்கண்ணில் ஒன்று தெரிந்தது. அத்தை எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாசல் வழியாகப் போய்விட்டார்.

படம் முடிந்தபோது சண்டை இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. போர்வையை அவிழ்த்ததும் வெளிச்சத்தில் கண் கூசியது. என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து கூட்டாளியிடம், "கௌபாய் நான் இல்ல மாப்ள. அதுதான்" என்று என்னைக் காட்டினார். ஆண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எந்தப் பார்வையும் கெட்டதாக இல்லை. இருந்தும் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்தவள் தெருவுக்கு வந்தபிறகுதான் நிமிர்ந்தேன்.

வீட்டில் அத்தை என்னோடு பேசவில்லை. சண்டை என்றும் சொல்லமுடியாது. வேலை ஏவுவார், பிள்ளைக்கு வேண்டியதைச் செய்வார். பேச்சு மட்டும் இல்லை. ஒருநாள் மத்தியானம் மொட்டைமாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"அந்தப் பொம்பளை தண்ணி குடுத்தாளா?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும், "குடுத்தா அத்தை" என்றேன்.

"குடுத்தாளா!"

"மாட்டுக்கு மட்டும் குடுத்தா. அவளே இறைச்சு ஊத்துனா. அந்த ஆளுங்க மொகத்தைப் பாக்கல, ஒரு வார்த்தை பேசல. குடிச்சு முடிச்சதும் உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. அதோட படம் முடிஞ்சிருச்சு."

அத்தை கொஞ்ச நேரம் மிளகாயைக் கிளறிவிட்டார். "அதான் சரி" என்றார். பிறகு, "ஆனா நீ அன்னைக்கி அம்புட்டு ஆம்பளைக்கு முன்னால சத்தம் போட்டுப் பேசுனது எனக்குப் புடிக்கல. இப்பவும் புடிக்கல. அதையும் சொல்லிட்டேன்."

"சரி அத்தை" என்றேன். அவரோடு எனக்கு இருந்த உறவில் அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

அந்தக் கேசட்டைக் கூட்டாளியின் அண்ணன் எனக்கே கொடுத்துவிட்டார். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி இன்னும் சில சேர்த்தேன். யாரும் தேடாத, பெயரும் தெரியாத படங்கள். நடுவில் விளம்பரம் வரும், சிலது முடிவதற்கு முன்பே நின்றுபோகும். துணிச்சல் வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். அலமாரியில் வைக்கும்போது மேலே 'கல்யாண வீடியோ' என்று சீட்டு ஒட்டித்தான் வைத்தேன். இன்றைக்கும் யாராவது உங்களுக்குப் பிடித்த படம் எது என்று கேட்டால், ஊரே சொல்கிற ஒரு தமிழ்ப் படத்தின் பெயரைத்தான் முதலில் சொல்வேன். கேட்டவர் போனபிறகு முகம் சுடும்.

ஊர் அப்புறமும் அவரைத்தான் கௌபாய் என்று கூப்பிட்டது. உண்மை தெரிந்த பிறகும் மாற்றவில்லை. ஒரு பெயரை வைத்தால் வைத்ததுதான். ஒருநாள் தாங்கமுடியாமல் கேட்டேன்.

"ஏங்க, உங்களுக்கு என் மேல கோபமே வரலையா? என்னால எம்புட்டுக் கேலி."

சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இதுக்கு முந்தி ஆபீஸ்ல எனக்கு வேற ஒரு பேரு இருந்துச்சு. அதுக்கு இது எவ்வளவோ தேவலை."

"என்ன பேரு?"

அவர் முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். மறுபடி குனிந்து காற்றடிக்க ஆரம்பித்தார். பிறகு எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். சொல்லவே இல்லை.